வந்தாவின் பற்று

பனியன் கம்பெனிக்குக் கொட்டகை போடுவதற்காகச் சேவூரில் எங்கள் தோட்டத்து ஓரத்துக் கிழட்டு மாமரத்தை வெட்டிச் சாய்த்த அன்று, ஒரு கிளையில் இருபுறமும் பச்சை வார்களைப் போல இலை விரித்து, தடித்த வெள்ளை வேர்களால் பட்டையை இறுகப் பிடித்திருந்த செடி ஒன்றைக் காட்டி, "புல்லுருவிங்க, மரத்துச் சத்தையெல்லாம் இதுதான் குடிச்சிருக்கும்" என்றார் விறகு வெட்டியவர்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. மரத்தின்மேல் வளரும் புல்லுருவி முதலியவற்றுக்கு வடமொழியில் வழங்கிய 'வந்தா' என்னும் பெயரையே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த பண்டிதர் வில்லியம் ஜோன்ஸ் அவர் காட்டிய இந்த ஆர்க்கிட்டுக்கு எடுத்தாண்டபடியால், பழிச்சொல்லே அதன் நாமதேயமாகிவிட்டது. உண்மையில் புல்லுருவி மரத்தின் உள்ளே புகுந்து ரசத்தை உறிஞ்சுகிறது. வந்தாவோ பட்டையின் மேற்புறத்தைத் தாண்டுவதில்லை.

நான் அதை ஒரு வேலம்பலகையில் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டி, மேற்கு வெயில் படாத தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். மண் கூடாது, புதைத்தால் வேர் அழுகும். உலர்ந்தபோது வெள்ளியாயிருக்கும் வேர், தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாக மாறும். மறுபடி வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி முதல் கோடையில் நாலு வேர் நுனிகளைக் கருக்கிய பின்புதான், ஓட்டுச் சரிவின் மழைநீரைக் குடத்தில் பிடித்துவைக்கும் புத்தி எனக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு பூத்தது: பழுப்புக் கட்டம் போட்ட லுங்கித் துணியைப் போன்ற இதழ்கள், நடுவே ஊதா உதடு.

மரத்தில் மெய்யான புல்லுருவி இருந்திருந்தால் அதுவும் மரத்தோடு மாண்டிருக்கும், இது பிழைத்தது. பற்றை அறு என்று பெரியோர் உபதேசிக்கும்போது, மனைவி மக்களையும் தொழிலையும் துறந்து போகச் சொல்கிறார்களோ என்று இளமையில் மருண்ட எனக்கு, நிற்க இடம் கேட்கும் பற்று வேறு, உள்ளே புகுந்து உறிஞ்சும் பற்று வேறு என்ற பேதம் அன்று தோன்றவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபும், ஆன்மா எதையும் சாராமல் தனித்து நிற்க வல்லதென்று சொல்லவில்லை. சார்ந்ததன் வண்ணமாவதே அதன் இயல்பு என்கிறது.

சித்தாந்தம் படித்தவர் இங்கே என்னை மடக்கலாம்: மாமரத்தைச் சார்ந்திருந்தும் வந்தா மாவின் வண்ணம் பெறவில்லையே? நியாயமான ஆக்ஷேபம். ஆனால் அதன் ஜனனத்தைப் பார்க்கவேண்டும். ஆர்க்கிட்டின் வித்து வெறும் தூசி. முளைப்பதற்கான உணவு அதனுள் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அது முளைப்பதில்லை என்ற ரகசியத்துக்கு, 1899இல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் வழி திறந்தார். ஆகவே வந்தாவின் முதல் உடம்பு, அது நின்ற மரத்தாலன்று, ஊட்டிய பூஞ்சையால் ஆயிற்று. அருள் என்று சித்தாந்திகள் சொல்வதற்கு இதைவிடச் சமீபமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. உலகம் நிற்கும் கிளை, அவ்வளவே. அந்தப் பூஞ்சையை உறிஞ்சியது வந்தாதான் என்பதையும் நான் மறைக்கவில்லை.

காட்டு மரங்களிலிருந்து இதைப் பிய்த்து வராதீர்கள். உங்கள் தோட்டத்து மாமரம் ஏதேனும் வெட்டுப்படும் நாளில் மட்டும், விறகு வண்டி வருமுன் கிளைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.