காவற் கோபுரமும் காக்கப்பட்டோரும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக இறங்கும் பெருவீதி செங்கலடியில் மட்டக்களப்புக் கரையோரத்தை எட்டுகிறது. அக்கரைக்கு அப்பால், 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி, ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் மாண்டனர். அன்று காலையிலேயே திருக்கோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. நான்கு நாள் முன்னர் கொழும்பு தாக்கப்பட்டிருந்தது.

திருக்கோணமலையின் உட்டுறைமுக வாயிலைப் பார்த்து நிற்பது ஓஸ்டன்பேர்க் குன்று. அங்கு அமைந்திருந்த கண்காணிப்புக் கோபுரத்தின் பெயரால் அவ்விடம் ‘ஹூட்ஸ் டவர்’ என்றே இன்றும் வழங்குகிறது. இப்போது அது கடற்படையின் அருங்காட்சியகம். அன்று கரையோரப் பீரங்கிகளின் நிலையம். இத்தகைய பீரங்கிக்குத் தனிக் கண் இல்லை. உயரத்தில் நிற்பவன் கப்பலின் திசையையும் தூரத்தையும் அளந்து சொல்லவேண்டும்; கீழே நிற்பவன் அதன்படி சுடவேண்டும். ஆனால், 1942 இல் பகைக் கப்பல்கள் அப்பீரங்கிகளின் எல்லைக்குள் வரவேயில்லை. பகை வானிலே வந்தது.

இக்கோபுரம் காத்தது யாரை? துறைமுகத்தையும் கடற்படையையும், அவற்றின் வழியாக ஏகாதிபத்தியத்தையுமே என நம்மிற் பலர் உடனே விடை கூறுவர். இவ்விடை உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. யப்பானியர் கைப்பற்றிய மலாயாவின் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரே இருந்தனர். சீயம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட அவர்களிற் பல்லாயிரவர் காட்டிலே பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். இலங்கை வீழ்ந்திருப்பின் நமது மலைகளில் வாழ்ந்தோருக்கும் அத்தகைய கதி நேர்ந்திருக்கலாம். எனவே, கோபுரத்தில் நின்றவன் அறிந்தோ அறியாமலோ லயத்தில் உறங்கியவனுக்கும் காவலனாயினான்.

அப்படியானால், காக்கப்பட்டவன் காவலனுக்குக் கடன்பட்டவனா? கடன்பட்டவன் வாய் திறத்தலாகாதா? இதுவே நாம் ஆராயவேண்டிய அறவினா.

பிரித்தானியா ஜேர்மனியுடன் போர் புரிந்துகொண்டிருந்த 1940 இல் அன்றைய ஆட்சி தன் விடையைச் செயலிலே காட்டியது. சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வலை ஊவாவையும் எட்டிற்று. பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்துரையும் அச்சபையைக் கலந்தாலோசிக்க இணங்கவேண்டியதாயிற்று. பொலிஸ் அடக்குமுறையால் இவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. யூன் மாதத்தில் சமசமாசத் தலைவர்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். கடலை நோக்கிய கண் பகைவனைத் தேடிற்று. மலையை நோக்கிய கண்ணோ தொழிலாளியையே பகைவனாகக் கண்டது.

இதிலே முரண்பாடு ஏதுமில்லை. மாட்டைத் திருடனிடமிருந்து காக்கும் உடைமையாளன் மாட்டுக்குக் கணக்குக் காட்டுவதில்லை. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளின் இறப்பர்த் தேவையிற் பெரும்பங்கு இலங்கையின் தலையிலே விழுந்தது. தேயிலையும் போருக்கு வேண்டியிருந்தது. கொழுந்தும் பாலும் எடுக்கும் கைகள் அப்பொருள்களோடு சேர்த்தே காக்கப்பட்டன. இது உடைமைக் காவல். மனிதக் காவல் என்பது வேறு: அங்கே காக்கப்படுபவன் காவலனைக் கேள்வி கேட்கும் உரிமையுடையவன்.

ஒரு காவல் எவ்வகையினது என்பது ஆபத்து நீங்கியபின்னரே தெளிவாகும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்ப்பதாக ஒத்திவைத்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. இங்கு அந்நியனை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட இயலாது. சுதந்திர நாட்டின் பாராளுமன்றமும் உடைமையாளனின் கணக்கேட்டையே கையில் எடுத்தது.

போர்க்காலத்தில் உழைத்தனர், ஆதலால் அவர்களுக்கு உரிமை வழங்கியிருக்கவேண்டும் என நல்லெண்ணத்தோடு வாதிடுவோர் உளர். அவ்வாதத்தையும் நாம் ஏற்றலாகாது. உரிமையை உழைப்புக்குரிய கூலியாக்கினால், நோயுற்றவனுக்கும் முதியவளுக்கும் பெரட்டுக்குப் போகாத குழந்தைக்கும் அது இல்லையென்றாகும். ஓர் ஆட்சியின் கட்டளை எவர்மீது செல்லுகிறதோ அவர் எல்லோருக்கும் அவ்வாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. ஒரு கொழுந்துதானும் கிள்ளாதவருக்கும் அது உரியது.

மாணவரை ஹூட்ஸ் டவருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பீரங்கிகளையும் அவை நோக்கும் கடலையும் காட்டுவது இயல்பே. அவற்றின் பின்னே கிடந்த நாட்டில் எவரெவர் வாழ்ந்தனர் என்பதையும், 1948 இல் அவர்களுள் எவர் பெயர் நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வாராயின் அப்பாடம் நிறைவுறும்.