கேட்டவருக்கு விதை மறுக்கலாமா?



சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வெளியேறுகிற நேரத்தில், கோயில் முற்றத்தில் இரண்டு தாய்மார்களுக்குள் மனஸ்தாபம் உண்டானது. இருவரும் அடுத்தடுத்த வீட்டார். ஒருவர் வேலியில் பல வருஷமாகப் படர்ந்து வரும் நாட்டு அவரையில் மற்றவர் நாலு விதை கேட்டிருக்கிறார். வேலிக்காரர் 'இல்லை' என்றார். வீட்டில் வைத்துக்கொண்டே இல்லை என்றதுதான் கேட்டவருக்குப் பொறுக்கவில்லை. "காசு கேட்டேனா சாமி, காய் கேட்டேனா? நாலு விதை! இது பாவமில்லையா?" என்று என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தார். இருவரும் சம்மதித்தபடியால்தான் இதை எழுதுகிறேன். யார் யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படித்தவனுக்கு இது சின்ன வழக்கு என்றே அப்போது தோன்றிற்று. "கேட்டவருக்குக் கொடுங்கள் அம்மா, கொடுத்தால் குறையாது" என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். வேலிக்கார அம்மாள் கோபப்படவில்லை. "போன வருஷம் மூணு பேருக்குக் குடுத்தேன் சாமி. ஒருத்தி கொழம்பு வச்சுட்டா. ஒருத்தி முளைச்ச கொடிய ஆட்டுக்கு விட்டுட்டா. இன்னொருத்தி, எங்க வச்சேன்னே தெரியலைங்கிறா. என்கிட்ட இப்ப ஒரு ஒழக்கு விதை கூட இல்ல. இதுவும் போச்சுன்னா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த மூன்றாவது ஆளைப் பற்றிச் சொன்னபோது முகம் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் அவரையைக் கவனியுங்கள். கத்தரியிலும் தக்காளியிலும் விதை ஒன்று, உணவு ஒன்று. விதைக்கென்று ஒரு கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டுவிட்டால் போதும். மற்றவற்றைப் பறித்துச் சமைக்கலாம். அவரையும் மொச்சையும் அப்படியல்ல. அங்கே விதைதான் உணவு. முற்றிய பருப்பு ஒவ்வொன்றையும் பார்த்து, 'இது சட்டிக்கா, மண்ணுக்கா' என்று வீட்டுக்காரி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இன்னும், நம் பழைய கொடி அவரை பொறுமையைச் சோதிக்கிற ஜாதி. பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அது பூக்கும். ஆடியில் ஊன்றினால் மழைக்காலம் முழுவதும் இலையும் கொடியுமாகவே ஓடி, மார்கழி தையில்தான் காய் கொடுக்கும். காலத்துக்குக் கட்டுப்படாமல் சீக்கிரம் காய்க்கிற குத்து அவரை இப்போது கடையில் கிடைக்கிறது. ஆகையால், ஐந்து மாதம் வேலியைக் காத்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வருகிறது?

மூல வைகை வருஷத்தில் பல மாதம் வறண்டு கிடக்கிற இந்தப் பள்ளத்தாக்கில் கைப்பிடி விதையைக் காப்பது இலேசான காரியமல்ல. நோயில்லாத கொடியில், திரட்சியான காயைப் பார்த்து விட வேண்டும். நெற்று கொடியிலேயே காய வேண்டும். நிழலில் ஆற வைத்து, சாம்பல் புரட்டி, வேப்பிலையோ வசம்போ போட்டு, சுரைக்குடுக்கையில் அடைத்து, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிட வேண்டும். இதெல்லாம் மூடப்பழக்கம் என்று நினைத்தால் தவறு. விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லுகிறார்கள். நம் பாட்டிமார் அந்தக் கணக்கை அடுப்பங்கரையில் செய்துகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் பாக்கெட் வாங்கினால் ஆயிற்று என்பீர்கள். வாங்குங்கள்; அதில் பாவமில்லை. அரை ஏக்கர் தக்காளியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர் வீரிய ஒட்டு விதை போடுவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த விதையின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நமக்குத் தெரியப்படுத்தியவர் ஒரு துறவி. அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெந்தேல், புருன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று சேர்த்து, பிறந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தார். இரண்டு ஜாதியைச் சேர்த்த முதல் தலைமுறை ஒரே சாயலாய் வரும். அதன் பிள்ளைகளோ பிரிந்து, பாட்டன் ஒரு பக்கமும் பாட்டி ஒரு பக்கமுமாய்ச் சாயும். ஒட்டு விதையும் இப்படியே. இந்த வருஷம் நன்றாய்க் காய்த்த செடியில் விதை எடுத்து வைத்தால், அடுத்த வருஷம் அதே செடி வராது. ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். நாட்டு விதை அப்படியல்ல. தாயைப் போல் பிள்ளை வரும்.

'நாட்டு' என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிளகாயும், தக்காளியும், மஞ்சள் பூசணியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நம் கம்பத்துப் பன்னீர் திராட்சை கூட 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் கொண்டுவந்தது என்று சொல்லப்படுகிறது. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கிருந்து வந்தது என்பதல்ல, எத்தனை தலைமுறை நம் கையால் தெரிந்தெடுக்கப்பட்டு நம் மண்ணுக்குப் பழகிற்று என்பதே ஒரு விதையை நாட்டு விதை ஆக்குகிறது. வெளியிலிருந்து வந்தது என்று நம் வேதத்தைக் குறை சொல்லுகிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறேன்.

இனி வழக்குக்கு வருவோம். விதை யாருடையது?

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் உடைமையைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பொருளைத் தேடவும் பராமரிக்கவும் பகிர்ந்தளிக்கவும் மனிதனுக்குச் சொந்த உரிமை உண்டு. பலருக்குச் சொந்தமானதை ஒருவரும் சரியாய்ப் பராமரிப்பதில்லை. உபயோகத்திலோ, அதைப் பொதுவானது போல் எண்ணி, தேவைப்பட்டவனுக்கு மனமுவந்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். வேலிக்கார அம்மாள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார். கேட்ட அம்மாள் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் புரட்டினவள் ஒருத்தி இல்லாவிட்டால், பொதுவாய் வைக்க அங்கே விதையே இராது என்பதை நான் தீர்ப்புச் சொன்ன அன்று மறந்துவிட்டேன்.

நம் தேசத்துச் சட்டமும் விவசாயியின் பக்கமே நிற்கிறது. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட ரகமானாலும், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. கம்பெனிப் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. அப்படியிருந்தும் 2019-இல் குஜராத்தில் ஒரு உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காகச் சில விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு எழும்பினபின் அந்த வருஷமே வாபஸ் வாங்கிற்று. சட்டம் எழுதினால் மட்டும் உரிமை நடைமுறைக்கு வந்துவிடாது.

நம் வேலியோரத்து வழக்கை இன்னும் கடினமாக்கிப் பார்க்க ஒரு சம்பவம் உண்டு. 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் பட்டணம் ஜெர்மானியரால் முற்றுகையிடப்பட்டு, ஜனங்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் மாண்டார்கள். அங்கே நிக்கொலாய் வவிலோவ் என்ற விஞ்ஞானி உலகமெங்கும் சுற்றிச் சேகரித்த விதைகளின் களஞ்சியம் இருந்தது. வவிலோவோ அப்போது தம் சொந்த அரசாங்கத்தின் சிறையிலிருந்தார். 1943-இல் அங்கேயே இறந்தார். அவருடைய உதவியாளர்கள் அரிசியும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாய்ச் சூழ்ந்திருக்க, ஒரு மணியையும் வாயில் போடாமல், பலர் பசியால் உயிர் விட்டார்கள்.

அவர்கள் செய்தது சரியா? தன் உயிரைப் பிறருக்காகத் தருவது மேலான காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே ஒரு தாய் சாகக்கிடக்கும் குழந்தையோடு கதவைத் தட்டியிருந்தால்? மிஞ்சின அவசரத்தில் எல்லாம் பொதுவாகிவிடுகிறது, அப்போது எடுத்துக்கொள்வது களவல்ல என்று அதே அர்ச். தோமாஸ் போதிக்கிறார். ஆகையால் அந்தத் தாய் பூட்டை உடைத்து ஒரு மூட்டையை எடுத்திருந்தால் அவளைத் திருடி என்று சொல்ல எனக்கு நா எழும்பாது. கதவைத் திறக்காமல் உள்ளே செத்துக் கிடந்தவனைக் கொடியவன் என்று சொல்லவும் எழும்பாது. அவன் காத்தது, முகம் தெரியாத, இன்னும் பிறவாத குழந்தைகளின் சோறு. இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த என் படிப்பு போதவில்லை.

நல்ல வேளையாக நம் ஆடி மாதத்து வழக்கில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதற்கு வழி காட்டியவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் வருஷந்தோறும் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பரில் காலமானார். வருகிற விவசாயிக்கு அவர் இரண்டு கிலோ விதை நெல் இலவசமாய்க் கொடுப்பார். அடுத்த வருஷம் அவன் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதை வட்டி என்று நினைக்கக் கூடாது. விதைத்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய கடன் இது. சமைத்துத் தின்றவனால் திருப்பித் தர முடியாது. பெட்டியில் பூட்டினவனாலும் முடியாது. அதிகமாய் வந்த இரண்டு கிலோவும் அடுத்து வருகிறவனுக்குப் போய்விடும். கொடுக்கிறவளின் கடமையைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். வாங்குகிறவளின் கடமையைப் பற்றி நானே எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்?

காக்கிறவளுக்கும் கொடுப்பது லாபமே. பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயும் அந்துப்பூச்சியும் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைச் சுமந்து வரும். அண்டை வீட்டில் வேறு ரகச் சுரை இருந்தால் உங்கள் சுரை விதை கலந்துபோகும். அவர்களும் உங்கள் ரகத்தையே போட்டால் கலந்தாலும் நஷ்டமில்லை. அவரை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருத்தரிப்பதால் இந்தப் பயம் குறைவு. ஆனால் ஒரு காட்டுப்பன்றியோ ஒரு வறட்சியோ வந்தால் ஒற்றை வேலி ஒரே இரவில் போய்விடும். நாலு வேலியில் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

இப்போது அந்த மூன்றாவது ஆள். நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் வருஷம், மலையடிவாரத்து ஒரு கிளைக் கிராமத்தில், நோயில் பூசுதல் கொடுக்கப் போன வீட்டில் ஒரு பாட்டியம்மாள் கைப்பிடி அவரை விதையைத் துணியில் முடிந்து என் கையில் வைத்தார்கள். "எங்க மாமியா கையில இருந்து வந்தது சாமி. கோயில் தோட்டத்துல போடுங்க" என்றார்கள். கருப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. சந்தோஷமாய் வாங்கி, பத்திரமாய் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவில் வைத்தேன். பாட்டியம்மாள் அந்தச் சீக்கிலிருந்து எழுந்து, அடுத்த இரண்டு வருஷமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "போட்டீங்களா சாமி?" என்று கேட்டார்கள். "இந்த ஆடிக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற தபசுகாலத்தில் அவர்களை அடக்கம் செய்தேன். வீட்டார் அதற்குமுன்பே பந்தலைப் பிரித்துவிட்டு அங்கே சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். அந்த மாமியார் கை அவரை என் பீரோவில் மாத்திரம் இருந்தது.

முற்றத்து வழக்கு நடந்த அன்று மத்தியானமே பையைத் திறந்தேன். வண்டு துளைத்து மாவாகிக் கிடந்தது. முழுசாய்த் தேறினவை ஒன்பது. ஒன்பதையும் ஊன்றினேன், இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. ஆண்டவர் சொன்ன உவமையில், தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனுக்குத் தண்டனை கிடைத்தது; நான் மண்ணில் புதைக்காததற்காக அந்தத் தண்டனைக்குப் பாத்திரவானானேன்.

மிஞ்சின ஒரு கொடி குருவானவர் வீட்டுக் குசினி வேலியில் ஏறி, இந்த மார்கழியில் ஊதாப் பூவெடுத்திருக்கிறது. முதல் காய்களில் கை வைக்கக் கூடாதென்று குசினிக்காரரிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிறு வேலிக்கார அம்மாள் வந்து, பூவையும் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்கிட்ட இல்லாத சாதி சாமி" என்றார். கூட அண்டை வீட்டு அம்மாளும் நின்றார்; அவருக்கு ஆடி முடிவதற்குள் நாலு விதை கிடைத்துவிட்டதாம், என் தீர்ப்பினால் அல்ல. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலிக்கார அம்மாள், "நெத்து காஞ்சதும் எனக்கு நாலு விதை தருவீங்களா சாமி?" என்று கேட்டார்.

எட்டாகத் திருப்பித் தர வேண்டும் என்றேன்.

"எட்டு எதுக்கு சாமி? ஒழக்கே தாரேன். நீங்க முதல்ல வண்டு விழாமப் பாத்துக்கங்க."