கன்றை வெளியே வைக்கும் முன்



டொராண்டோவில் பனி உருகத் தொடங்கினதும் நம்முடைய வீடுகளில் யன்னலோரம் தக்காளி, மிளகாய்க் கன்றுகள் நிற்கும். மே மாதம் விக்டோரியா தினத்துக்கு முன்னே மண்ணில் வைத்தால் உறைபனி கொண்டுபோய்விடும் என்று அம்மாமார் பயப்படுவார்கள். அதற்குப் பிறகும் நேரே நடமாட்டார்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு, ராத்திரிக்கு உள்ளே. 7 முதல் 10 நாள் வரைக்கும் இந்தப் பாடு! வீட்டுச் சூட்டில் வளர்ந்த தண்டு மெல்லியது. கொஞ்சம் கொஞ்சமாய்க் காற்றும் வெயிலும் பட்டால்தான் தடிக்கும்.

மிளகாய்க் கன்றுக்கு இவ்வளவு பொறுமை. ஆத்துமாவுக்கோ? போன ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்த தம்பியின் கையில் இந்த ஞாயிறு மைக். அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்துக்குத் தலைவர். பிறகு ஆளையே காணோம்! உடனே "பின்மாற்றம்" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். நூதன சீஷனைக் குறித்துப் பவுல் எழுதினதை (1 தீமோ. 3:6) வாசித்துப் பாருங்கள். அதற்காக யன்னலோரமே வைத்திருக்கவும் கூடாது. வெளிச்சம் போதாமல் நெட்டையாய் வெளிறிப்போகும்.

மூத்த விசுவாசிகளே, ஆளுக்கு ஒரு புது விசுவாசியைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஜெபத்துக்குக் கூட்டிப்போங்கள். வேலைத்தலத்தில் அவருக்குக் காற்று எப்படி அடிக்கிறது என்று விசாரியுங்கள். ராத்திரி ஒருதரம் போன் பண்ணுங்கள்.