ஒளிபரப்பு முடியும் நேரம்

நம் மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28 அன்று. அதன்பின் பல ஆண்டுகள், ராத்திரி நெகாராகூ ஒலித்ததும் திரை வெறுமையாகிவிடும். பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று அந்தக் காலத்துத் தாய் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை, நிலையமே முடிவெடுத்தது. இன்று ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்தது காத்திருக்கிறது. "போதும்" என்று சொல்லும் வேலை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

*

பண்டமாரானில் துறைமுகத்தை நம்பிய குடும்பங்கள் பல. எங்களுடையதும் அப்படித்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் உறங்கவேண்டும். தாமான் வீட்டில் பிள்ளையின் ஓட்டமும் சத்தமும் அடுத்த அறைக்குக் கேட்கும். அப்போது பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையில் இருக்கும் அப்பாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதே போனில்தான். அப்பாவோடு பேசும் பத்து நிமிடத்தையும் காணொளி பார்க்கும் பத்து நிமிடத்தையும் ஒரே கணக்கில் எழுத என்னால் முடியாது.

*

இரண்டு வயதுமுதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. மறு ஆண்டு மார்ச் 18 அன்று கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வகுப்பறையே போனுக்குள் புகுந்தது. அண்ணன் தங்கைகள் ஒரே போனை மாற்றி மாற்றிப் பிடித்துப் படித்தார்கள். பள்ளி திறந்த பிறகும் பல வீடுகளில் அந்தப் போன் அம்மாவிடம் திரும்பவில்லை.

*

இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்பது அரசாங்கத்தின் முடிவு. வரவேற்கிறேன். ஆனால் அம்மாவின் போனில் காணொளி பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு? அந்தப் பிள்ளை முழுக்க நம் பொறுப்பு.

*

எப்போது நிறுத்துவது? வயதையும் மணியையும்விட நான் முதலில் பார்ப்பது தூக்கத்தை. படுக்கும் நேரத்தில் முகத்தில் விழும் வெளிச்சம் உறக்கத்தைத் தள்ளிப்போடும். காலை ஏழரைக்குப் பள்ளி. பிள்ளையை எழுப்பவே முடியவில்லை என்றால் நேற்றிரவே நேரம் கடந்துவிட்டது. திரை இல்லாமல் சோற்றுக்கு வாய் திறக்க மறுத்தாலும் அப்படித்தான்.

அடுத்து, சாயங்காலம். இங்கே ஆண்டு முழுதும் ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடினால் கிட்டப்பார்வை வருவது குறையும் என்பதால், தைவான் தன் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் சொல்கிறது. பள்ளி விட்டு வரும் நம் பிள்ளைக்கு அந்த வெளிச்சம் வாசலிலேயே கிடைக்கிறது. மழையில்லாத சாயங்காலத்தில் போன் வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

*

பெரியவர் கையில் போன் இருக்கும்வரை சிறியவருக்குச் சொல்வது எடுபடாது. அதனால் இரவு ஒன்பதுக்கு எங்கள் வீட்டுப் போன்கள் எல்லாம், என்னுடையதும் சேர்த்து, கூடத்து மேசைக்குப் போகின்றன. இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் அப்பா அழைத்துப் பேசிய பிறகு.