கருவியைத் தந்தவனும் வினையும்

தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதவனுக்கு வினையும் இல்லை என்று நம்மவருள் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பகவன் புத்தர் எண்ணத்தையே வினை என்றார் அன்றோ என்பது அவர்தம் ஆதாரம். இன்று இவ்வாதத்தை நம்மினும் திறமையாகக் கையாளுவோர் பெருங் கம்பெனிகளின் தலைவர்கள். ஆதலின் அதனை ஆராய்தல் வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில், வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே கைக்குக் கை தாவிற்று. மே 9ஆம் நாள், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு மூதாட்டி அத்திமூரில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் திரண்டு அவரை அடித்துக் கொன்றனர். சித்தூர் அன்பர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வேலூரைக் கடந்தால் அந்நாடுதான். நாள்தோறும் பல்லாயிரம் வேற்றூரார் வந்திறங்கும் திருப்பதியில் அவ்வச்சம் மூண்டிருப்பின் என்னாகியிருக்கும்! ஜூலை 1ஆம் நாள் மராட்டிய மாநிலத்துத் தூலே மாவட்டத்தில் அதே வதந்தியால் ஐவர் மாண்டனர்.

கம்பெனியின் விடை யாது? செய்திகள் பூட்டப்பட்டுச் செல்கின்றன, அவற்றை யாம் படிக்க இயலாது என்பதே. அது மெய். எளியோர் அஞ்சாது தம்முள் பேசுதற்கு அம்மறைவு வேண்டும்; முதலில் எழுதியவரைக் கண்டறிய வழி செய்க என்று அரசு கேட்டதை யான் ஆதரியேன். ஆனால் அந்த ஜூலை மாதத்திலேயே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாது எனக் கம்பெனி வரம்பிட்டது. இதற்கு ஒரு கடிதத்தையேனும் படிக்க வேண்டியிருந்ததா? இல்லையே. வேகத்தை அமைத்தவர் அவர். குறைக்கவும் வல்லவர் அவரே. கொல்லும் எண்ணம் அவர்க்கில்லை. ஆயினும் பரவுதல் பெருக வேண்டும் என்னும் எண்ணம் இருந்தது. வாணிகம் அதன்மேல் நின்றது.

உபாசகர் செய்யலாகாத வாணிகம் ஐந்து என்றார் பகவர்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு. ஆயுதம் விற்றவன் எவரையும் குத்தவில்லை. வாங்கியவன் பெயரையும் அறியான். எனினும் விலக்கப்பட்டான். கைப்பேசிச் செய்தி நஞ்சென்று கூறேன். வாங்கியவன் கை விற்றவன் பங்கை அழித்துவிடாது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளத் தக்கது. அறியாது செய்த தீமையே பெரிதென்று நாகசேனர் மிலிந்தருக்குக் காட்டியது பழுக்கக் காய்ந்த இரும்பை. அறியாது பற்றுவோன் இறுகப் பற்றுகின்றான்.

இதனால் பரப்பியவர் தப்பினர் அல்லர். 2018 மார்ச்சில் இலங்கைத் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் எரிந்தன. பேஸ்புக்கில் அவ்வெறுப்பைப் பரப்பிய கைகளுள் திரிசரணம் சொல்லிக் கூப்பிய கைகளும் இருந்தன. சிங்களம் அறிந்து பதிவுகளைச் சோதிப்போர் அக்கம்பெனியில் போதிய அளவில் இல்லை. அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

வாட்ஸ்அப்பின் பிரதம நிருவாகி கிறிஸ் டேனியல்ஸ் 2018 ஆகஸ்டில் தில்லி வந்து அமைச்சர் ரவிசங்கர் பிரசாத்தைக் கண்டார். இந்நாட்டில் குறைகேட்கும் அதிகாரி ஒருவர் வேண்டும் என்றார் அமைச்சர். அடுத்த மாதம் அதிகாரி நியமிக்கப்பட்டார். ஆனால் இருந்தது அமெரிக்காவில். அவ்வதிகாரி இந்தியாவிலேயே வசித்தல் வேண்டும் என்னும் விதி பெருங் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது 2021 மே மாதத்தில். அத்திமூர் நிகழ்ந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.