ஒத்தாசையா, கடமையா?

தலைப்பிள்ளை பெற்ற தகப்பன் ஒருவனிடம், "வீட்டில் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லவனாயிருந்தால், "என்னாலான ஒத்தாசையைச் செய்கிறேன்" என்பான். கேட்கச் சந்தோஷமாயிருக்கும். ஆனால் சற்று யோசியுங்கள். ஒத்தாசை என்பது பிறர் வேலையில் கைகொடுப்பது. தன் சொந்த வயலை உழுகிறவன் ஒத்தாசை செய்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளை யாருடையது?

நம்மில் அநேகருக்குத் தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் சேயும் புருஷன் வீடு திரும்புகிறார்கள். பெற்றவள் கையில் மகள் இளைப்பாறுவது நல்லதே. ஆனால் அத்தனை நாளும் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. அவள் பிள்ளையின் அழுகையை அறிந்துகொண்டாள். அவனோ தூக்கவும் பயப்படுகிறான். "உங்களுக்குத் தெரியாது, கொடுங்கள்" என்று அவள் வாங்கிக்கொள்ள, அவனும் நிம்மதியாக ஒதுங்கிவிடுகிறான். குற்றம் இருபுறமும் உண்டு.

பச்சைக்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தாய்ப்பால் கொடுப்பது தாயால்தான் ஆகும். முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்வதும், துணி மாற்றுவதும், தோளில் போட்டு உறங்க வைப்பதும் தகப்பனாலும் ஆகும். பிரசவமான சில நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவது அநேகருக்கு உண்டு. இரண்டு வாரம் கடந்தும் துக்கம் நீங்காவிட்டால், அது பிடிவாதமல்ல, சோம்பலுமல்ல. வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவன் புருஷன். விருந்தாளியின் கண்ணில் அது படாது.

"பகலெல்லாம் உழைத்து வருகிறேனே!" என்பீர்கள். மெய்தான். அவளும் இரவெல்லாம் விழித்தவள். யார் அதிகம் களைத்தவர் என்று கணக்குப் பார்க்கிற வீட்டில் இருவருமே தோற்பார்கள். ஆகையால் கோபம் மூளுமுன் உட்கார்ந்து பேசுங்கள். முன்னிரவு யார் விழிப்பது, பின்னிரவு யார் விழிப்பது என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். தாய்மாரே, புருஷன் தப்பாய்ச் சுற்றிய துணியைப் பிடுங்கி மறுபடி சுற்றாதிருங்கள். மாமியார்மாரே, மகன் துணி அலசக் கண்டால் நகைக்காதிருங்கள்.

1969-ல் வெளியான குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்குமுறையில், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று தாய் தகப்பன் இருவரிடமும் கேட்கப்படுகிறது. இருவரும் ஆம் என்கிறார்கள். தகப்பன்மாரே, அங்கே நீங்கள் ஒத்தாசை செய்வதாகச் சொல்லவில்லை. கோவிலில் சொன்ன அந்த வார்த்தை, நடுச்சாமத்தில் பிள்ளை அழும்போதும் உங்கள் வார்த்தையாகவே இருக்கட்டும்.