ஃபோர்மேன் யாரு?

வியாழக்கிழமை. பாடி திருவலிதாயம் கோயிலில் குருவுக்கு விளக்கேற்றக் கூட்டம். அப்பா உள்ளே வரவில்லை. மதில் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சம்பந்தர் பாடிய தலம். பரத்துவாசர் வலியன் குருவியாகப் பூசித்ததால் இந்தப் பெயர் என்பார்கள். "ஊர்ப் பேர்லயே வலி இருக்கு, நான் எங்க தப்பிக்கிறது" என்றார். பழந்தமிழில் வலி என்றால் வலிமை. சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்தபடி இருப்பவரிடம் அகராதி பேசக் கூடாது.

*

நாலு மாதம் முதுகு வலிக்குத் தைலம் தேய்த்தோம். அது புராஸ்டேட்டில் தொடங்கி எலும்புக்கு வந்த புற்று. அடிவயிற்றிலிருந்து முதுகெலும்பைச் சுற்றி, வால்வு இல்லாத ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடப்பதை 1940இல் பேட்ஸன் எழுதினார். வால்வு இல்லையென்றால் ஓட்டம் எந்தப் பக்கமும் திரும்பும். அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. லூகாஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் டர்னர்.

*

கம்பெனியில் ஒரு உதிரி லேத்திலிருந்து டிரில்லிங், கிரைண்டிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று நகரும். ஜாப் கார்டும் கூடவே போகும். இப்போது கட்டைப்பையில் ஃபைல் போகிறது. யூராலஜியில் விதைகளை எடுத்தார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று அடங்கும் என்று ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் வாங்கினார். காலம் முழுக்க ஊசிக்கு அலைவதைவிட இதுவே மேல் என்று அப்பாவே கேட்டு வாங்கிய ஆபரேஷன். அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கு எந்த டிபார்ட்மென்டும் இல்லை.

கரண்ட் வைக்கிற டாக்டர் இடுப்பு வலிக்கு ஒரே நாள் போதும் என்றார். எலும்பு ஊசிக்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் முதலிலேயே போயிற்று.

*

எல்லா டாக்டர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்தார்கள். ட்யூமர் போர்டு என்று பெயர். நாங்கள் வாசல் பெஞ்சில். "இத்தனை பேர்ல ஃபோர்மேன் யாரு?" என்றார் அப்பா. கேள்வி நியாயமானது. ஆளுக்கொரு வேலையைச் சரியாகச் செய்தும் உருப்படி ரிஜெக்ட் ஆவதை அவர் பார்த்திருக்கிறார்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைப் பற்றிச் சொன்னேன். 1954இல் 12 படுக்கையோடு முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்தார், 2021இல் இறக்கும்வரை அதே வேலைதான். "ஷாப்புலயே படுத்துக்கிட்டாரா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அது ஃபோர்மேன்."

*

வலி பிரிவில் ஒரு சிஸ்டர். "ஐயா, பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?" மைக்ரோமீட்டர் பிடித்த கை, முழு எண் சொல்ல மனம் வராது. "ஏழரை." சிஸ்டர் சிரித்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார். மார்ஃபின் கொடுத்த அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தார், கேட்காமலே. ஃபைல் அட்டையில் தன் நம்பரை எழுதினார். "கால் மரத்தாலோ தள்ளாடினாலோ, ஒன்னுக்கு வராம நின்னாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க. தண்டுவடம் நசுங்கினா அப்புறம் நடக்க வைக்கிறது கஷ்டம். ராத்திரின்னாலும் கூப்பிடுங்க."

வெளியே வந்து அந்த நம்பரை அப்பா விரலால் ஒருமுறை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை.

*

இரவு இரண்டு மணி. மேம்பாலத்தில் லாரிகள். அப்பா எழுந்து சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போகிறார். வலது கால், இடது கால். கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறேன். போக பதினொன்று. தண்ணீர் ஊற்றும் சத்தம். வர பதினொன்று.

இருட்டில் குரல் வருகிறது: "சரியாத்தான் இருக்கு. தூங்குடா."